ஒத்தைக் கால் கம்பூட்ஸ்

1

இன்று காலை என் கடைக்குட்டி செல்வி தன்னுடைய ரப்பர் பூட்ஸைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னம்மா பண்ணுன?" என்றேன்.

"சின்னதாப் போச்சு டாடி. ஒண்ணுல ஓட்டை வேற. தூக்கிப் போடத்தானே வேணும்?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அரியலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு 'தூக்கிப் போடுவது' என்பது அவ்வளவு சுலபமாகக் கைவருகிற வித்தையா? நம் ஊரில் ஒரு சாமானைத் தூக்கிப் போட்டால், அது விழுவதற்குள் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். நான் போய்த் தொட்டியிலிருந்து பூட்ஸை எடுத்துக் கழுவி, அடுப்படிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன். என் மனைவி சிவகாமி பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போனாள்.

என்னை அறியாதவர்களுக்காக: இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது என் உத்தியோகம். டிஸ்பென்சர் என்பார்கள். வருஷத்தில் பாதி நாள் இங்கே மழை; மீதி நாள் மழை வரப்போகிறது என்ற மூட்டம். புல்லில் காலை வைத்தால் அட்டை ஏறும். அதனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு இங்கே கம்பூட்ஸ் என்று பெயர். பிள்ளைகள் வளர்கிறார்கள், பூட்ஸ் வளர்வதில்லை. மூன்று பிள்ளை பெற்றவன் வீட்டில் கொஞ்ச நாளில் என்ன சேரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்று என் தகப்பனாருடைய திதியும்கூட. டவுனிலிருந்து ஐயர் வர வேண்டும். மழையில் பஸ் எங்கேயோ நிற்கிறதாம். காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் இதே திதிக்காகக் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது, கூடவே ஒரு சாக்குப் பை நிறையப் பழைய பூட்ஸும் வந்தது. அதனால் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

பையில் இருந்தவை ஏழு. மூன்று ஜோடியும் ஓர் ஒற்றையும். எட்டாவதை என் மகன் ராஜேந்திரன் தோட்டத்து ஓடையில் கப்பல் விட்டிருந்தான். அது திரும்பி வரவில்லை. வலது கால் போய் இடது கால் மட்டும் நின்றது.

தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்கச் சோதனை. அதிகாரி இளைஞர், கண்ணாடி போட்டவர். பையைக் கவிழ்த்து, பூட்ஸுகளை ஜோடி ஜோடியாக நிறுத்திவைத்தார். கடைசியில் ஒன்று தனியாக நின்றது.

"இதோட ஜோடி எங்கே?"

"ஆத்தோட போயிடுச்சு சார்."

"அப்ப இது எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. "அது பாட்டுக்கு வந்துடுச்சு சார்" என்றேன்.

அவர் அந்தப் பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவினார். உள்ளே தங்கம் இல்லை, காய்ந்த அட்டை ஒன்று இருந்தது. அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "போங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மற்றப் பெட்டிகளை அவர் தொடவே இல்லை.

3

அரியலூர் ஸ்டேஷனுக்கு அண்ணன் வண்டி அனுப்பியிருந்தார். கீழப்பழுவூருக்குத் தெற்கே ஒதுங்கிய ஊர் எங்களுடையது. வண்டி ஓட்டி வந்தவன் மருதை. அண்ணனிடம் பண்ணைவேலை செய்கிறவன். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம்.

எங்கள் அண்ணி தங்கம்மாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "சாக்குல என்ன தம்பி?"

"கம்பூட்ஸ் அண்ணி. பிள்ளைங்களுக்கு."

அண்ணியின் முகம் விழுந்தது. "கம்பா? கம்பு இங்கயே வெளையுதே தம்பி. அதையா கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தீங்க?"

என் மூத்த மகள் கமலத்துக்கு யாழ்ப்பாணத்து டீச்சர்; அவர்கள் வழக்கில் பேசுவது என்றால் கதைப்பது. அவள் பெரியப்பாவிடம் போய், "பெரியப்பா, உங்களோட கதைக்க வேணும்" என்றாள். அண்ணன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒரு ஊர்ல ஒரு ராசா" என்று ஆரம்பித்துவிட்டார். பாவம், அவள் கேட்க வந்தது கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று. ராசாவுக்கு ஏழு பெண்டாட்டிகள். கமலம் நாலாவது பெண்டாட்டி வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டுப் பிறகு அழுதாள்.

மறுநாள் பூட்ஸ் விநியோகம். பெரிய ஜோடியை அண்ணன் பையன்களில் மூத்தவன் போட்டுக்கொண்டு பருத்திக் கொல்லைக்குப் போனான். நம் பக்கத்துக் கரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் அது பிடித்தால் கடன்காரன் பிடிதான். பத்தடி போனதும் காலை எடுத்தான். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. இன்னொரு காலும் அப்படியே. சேற்றில் இரண்டு பூட்ஸும், சேற்றுக்கு மேலே அவனுமாக நின்றான். மண்வெட்டி கொண்டுபோய்த் தோண்டி எடுத்து வந்தார்கள்.

இரண்டாவது ஜோடியில் அண்ணி காய்ந்த மிளகாயைத் திணித்துப் பரணில் கட்டித் தொங்கவிட்டாள். எலி ஏறாது என்பது அவள் கணக்கு. எலி ஏறவில்லைதான். ஆனால் இரண்டு நாள் கழித்து வைத்த குழம்பில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசனை வந்தது. அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

சின்ன ஜோடியைக் கொல்லைப் பொம்மைக்கு மாட்டினார்கள். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, காலில் கறுப்புப் பூட்ஸ். தூரத்துப் பார்வைக்குக் குள்ளமான ஒரு போலீஸ்காரர். காக்கைகள் கண்டுகொள்ளவில்லை. மேற்கேயிருந்து கள்ளச்சாராயப் பானையோடு வந்த ஒருவன் மட்டும் பானையைப் போட்டுவிட்டு ஓடியதாகக் கேள்வி.

ஆக மிஞ்சியது அந்த ஒற்றை. அண்ணி அதை மாட்டுக்கொட்டகை மூங்கிலில் கவிழ்த்து வைத்தாள்.

4

அதற்கு அடுத்த நாள் மருதை தன் மகளை முதுகில் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தான். அஞ்சலைக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஆடு மேய்க்கப் போன இடத்தில் கருவேல முள் இடது பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. நாலு நாள் ஆகியிருந்தது. பாதம் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

வெந்நீரில் கழுவி, கீறி முள்ளை எடுத்தேன். அந்தப் பெண் தகப்பன் கையைக் கடித்துக்கொண்டு இருந்தாள், சத்தம் போடவில்லை. சீழ் நிறைய வந்தது. மருந்து வைத்துக் கட்டினேன்.

"மருதை, சொல்றதக் கேட்டுக்க. இந்தக் கட்டு நனையக் கூடாது. சேறு படக் கூடாது, சாணி படவே கூடாது. பட்டா தனுர்வாதம் வந்துடும். தினமும் கூட்டிட்டு வா, கட்டு மாத்தணும்."

மருதை வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். இரண்டிலும் தண்ணீர்தான். "நான் நடவுல நிப்பனே சின்னய்யா. தூக்கியார ஆளில்லிங்களே. எப்படிங்க நனையாம வரும்?"

சிவகாமி விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். ஒற்றைப் பூட்ஸோடு வந்தாள். கட்டுப் போட்ட பாதத்தை அதற்குள் மெதுவாக நுழைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

"இதப் போட்டுக்கிட்டு வரட்டும். வூட்டுக்குப் போனதும் கழட்டி, காத்தாட வச்சுரு" என்றாள்.

அண்ணி பதறிப்போனாள். "சிவகாமி, என்ன காரியம் பண்ற? கொல்லை வழி முழங்கால் சேறு. தெருவழியாத்தான் வரணும். நம்ம தெருவுல இதுங்க செருப்பு போட்டு நடக்கலாமா?"

இதை வெளியூர்க்காரர்கள் படிக்கக்கூடும் என்பதால் விளக்கிவிடுகிறேன். மருதையின் தெரு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் செருப்புக் காலோடு வரக்கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதிவைக்காததால் மாற்றவும் வழி இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஒருவன் மறந்துபோய் வந்துவிட்டான் என்று அந்தச் செருப்பையே அவன் தலையில் வைத்து வெயிலில் நிற்கவைத்திருக்கிறார்கள்.

"கால் அழுகினா யாரு அக்கா பொறுப்பு?" என்றாள் சிவகாமி. ஜெயங்கொண்டத்துக்காரி. ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

அஞ்சலை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "இன்னொண்ணு எங்கங்க?"

"இன்னொண்ணு இல்லம்மா."

"அந்தக் காலுலயும் முள்ளு குத்துனாத்தான் தருவீங்களா?"

"சும்மா கெட கழுத" என்றான் மருதை. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பூட்ஸை அவன் பார்த்த பார்வை, வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பாம்பைப் பார்க்கிற பார்வை.

5

அஞ்சலை இரண்டு நாள் வந்து போனாள். ஒரு கால் வெறுங்கால், ஒரு கால் பூட்ஸ். 'சப்' என்று ஒரு சத்தம், 'டொப்' என்று ஒரு சத்தம். மூன்றாம் நாள், பஞ்சாயத்து நடக்கிற சாவடிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

புகார் செய்தவர் கண்ணுசாமி. எங்கள் பங்காளி, அண்ணனோடு வரப்புத் தகராறு உள்ளவர். வரப்பில் ஜெயிக்க முடியாததைப் பூட்ஸில் ஜெயிக்கலாம் என்று வந்திருந்தார். நடுவில் மணியக்காரர். பருத்த உடம்பு, ஜாக்கிரதையான மனிதர். அவர் மகன் திருச்சியில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதியிருந்தான். காலம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கேஸ், கோர்ட் என்று ஆகிவிட்டிருந்தது. தண்டம் போட்டால் மகன் உத்தியோகத்துக்கு வினை, போடாவிட்டால் தெருவில் மரியாதை போகும். மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது.

எங்களுக்கும் பயம்தான். ஊர்க்கட்டுப்பாடு வந்துவிட்டால் மறுநாள் திதிக்கு ஒருவரும் இலையில் உட்காரமாட்டார்கள். அண்ணி வாங்கிப் போட்டிருந்த பூசணிக்காய்கள் அறையில் உருண்டுகொண்டிருந்தன. மருதைக்கு வரக்கூடியதோ பூசணிக்காயோடு போகிற விஷயம் இல்லை. அவன் சாவடிக்கு வெளியே மழையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அஞ்சலை, பூட்ஸ் காலோடு.

"கால்ல மாட்றது எதுவா இருந்தாலும் செருப்புதான்" என்று கண்ணுசாமி ஆரம்பித்தார். "ஒத்தையா இருந்தா என்ன, ரெட்டையா இருந்தா என்ன?"

மணியக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ வைத்தியம் படிச்சவன். இது என்னன்னு சொல்லு."

"கட்டு நனையாம இருக்க ஒரு உறைங்க."

"ஒறைன்னா, தலகாணிக்குப் போடறோமே அது மாதிரியா?"

"அது மாதிரிதாங்க."

"தலகாணி ஒறைக்கு அடியில எதுக்குய்யா பல்லுப் பல்லா வெட்டியிருக்கு?" என்றார் கண்ணுசாமி. அஞ்சலையைக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவள் தகப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினாள். அடியில் பல்லுப் பல்லாகத்தான் இருந்தது. 

அப்போது அதுவரை வாயே திறக்காத என் அண்ணன் எழுந்தார். சபையில் பேசிப் பழக்கமில்லாதவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது தோலான்னு கேளுங்க" என்றார்.

"தோலா தம்பி?" என்றார் மணியக்காரர்.

"இல்லிங்க. ரப்பர்."

"ரப்பருன்னா?"

"அது ஒரு மரங்க. இலங்கையில தாழ்ந்த பக்கத்துல தோப்புத் தோப்பா வச்சிருக்காங்க. பட்டையக் கீறி விட்டா பால் வடியும். அந்தப் பாலக் காய்ச்சி உறைய வச்சு இத செய்றாங்க."

"பாலா?"

"பாலுதாங்க. வெள்ளையா இருக்கும்."

சாவடியில் ஒரு முணுமுணுப்புப் பரவியது. அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "செருப்புன்னா செத்த மாட்டுத் தோலு. அதுலதான் தீட்டு. இது மரத்துப் பாலு. பாலுக்கு ஏதுங்க தீட்டு?"

கண்ணுசாமி விடவில்லை. இறங்கி மழைக்குள் போய், அஞ்சலை காலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். "பால் வாசனை இல்லியே" என்றார்.

"புளிச்ச பாலா இருக்கும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பிறகு கோபத்தைக் கூட்டி உட்காரவைப்பது கஷ்டம். மணியக்காரர் அந்த நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. தோலுன்னா அது செருப்பு. ரப்பரு செருப்புல சேராது. இது சாவடியில வச்சு நான் சொல்ற சொல்லு. இனிமே இதப் பத்தி யாரும் பேச்செடுக்கக் கூடாது." சொல்லிவிட்டு, சாப்பிட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

மருதை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மழைத் தண்ணீரோ வேறெதுவோ, நான் உற்றுப் பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போது மகளைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தான். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தெரு நடுவில் சப், டொப் என்று நடந்து போனாள்.

6

திதி நன்றாக நடந்தது. கண்ணுசாமியும் வந்து சாப்பிட்டார். பூசணிக்காய்க் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அஞ்சலையின் புண் ஆறிக்கொண்டு வந்தது. கடைசிக் கட்டை நான் அவிழ்த்தபோது பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்போது அதில் அவள் ஆட்டுக்குட்டிக்குத் தவிடு வைப்பதாகக் கேள்வி.

நாங்கள் புறப்படுகிற அன்று மழை விட்டிருந்தது. வாசலில் வண்டி. பெட்டிகளை ஏற்றி, பிள்ளைகளை ஏற்றி, சிவகாமியும் நானும் ஏறி உட்கார்ந்தோம். தெருவைத் தாண்டும்வரை மருதை வண்டியில் ஏறமாட்டான், மாட்டுக்குப் பக்கத்தில் நடந்துதான் வருவான். அன்றும் நடந்தான். நடையில் மட்டும் புதிதாக 'சரக், சரக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். காலில் கறுப்பாக, தடிமனாக, வார் வைத்து ஆணி அடித்த ஒரு ஜோடி.

"மருதை, இது என்ன?" என்றேன் மெல்ல.

"அரியலூர்ல பட்டாளத்து லாரி டயர அறுத்து விக்கிறாங்க சின்னய்யா. திதிக்கு மறுநா சாமான் வாங்கப் போனப்ப எடுத்தேன்." முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான்.  

சாவடியில் மணியக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணுசாமியும் இருந்தார்.

"மருதை, கால்ல என்னடா அது?" என்றார் மணியக்காரர்.

மருதை மாட்டை நிறுத்தினான். "ரப்பருங்க."

"ரப்பரா?" கண்ணுசாமி எழுந்துவிட்டார். "வாரு வச்சிருக்கு, ஆணி அடிச்சிருக்கு. அச்சு அசல் செருப்பு மணியாரே."

"வாரும் ரப்பருதானுங்க" என்றான் மருதை.

மணியக்காரர் கீழே இறங்கி வந்தார். குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். பிறகு வண்டிக்குள் இருந்த என்னைப் பார்த்தார். நான் மாட்டு வாலைப் பார்த்தேன்.

"தம்பி, இதுவும் அந்தப் பாலுதானா?"

சிவகாமி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அதே பாலுதாங்க" என்றேன்.

மணியக்காரர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மருதை வேட்டியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தான். 

"சாவடியில சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு கண்ணுசாமி" என்றார் மணியக்காரர் கடைசியில். "நான் சொன்னத நானே மாத்துனா நாளைக்கு எவன் மதிப்பான்? நீ போடா மருதை, அவங்களுக்கு ரயிலு போயிடப்போவுது."

வண்டி நகர்ந்தது. மருதை அவசரப்படவில்லை. தெருவின் நீளம் முழுவதையும் சரக் சரக்கென்று நடந்தான். யாரும் தடுக்கவில்லை. 

தெருக்கோடியில் புளியமரம் வந்தது. எங்கள் தெருவுக்குள் வருகிறபோது மருதையின் தெரு ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதும், போகிறபோது மாட்டிக்கொள்வதும் அந்த மரத்தடியில்தான். மருதை வழக்கப்படி மாட்டை நிறுத்தினான். வழக்கப்படி குனிந்தான். மாட்டிக்கொள்ள வேண்டியவை காலிலேயே இருந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே குனிந்து நின்றான்.

"என்ன மருதை?" என்றாள் சிவகாமி.

"ஒண்ணுமில்லிங்கம்மா" என்று நிமிர்ந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து மாட்டைத் தட்டினான்.